சேதாரம் இல்லாத மந்திரம் வேண்டாம்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் நான். காலையில் யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், மாலையில் அதில் எவ்வளவு கொலுசாகத் திரும்பியது, எவ்வளவு குறைந்தது என்று எழுதிவைப்பது என் வேலை. இரவில் மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல்கள் படிப்பேன். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆசைப்பட்டு அல்ல, தமிழில் தேடித் தேடிக் கை ஓய்ந்துபோனதால். போன ஓராண்டில் படித்தவற்றைப் பற்றி உங்களிடம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். ஒரு மனக்குறையும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்'. 2006இல் வந்தது. வானத்திலிருந்து சாம்பல் கொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு நாடு. அங்கே சிலர் உலோகத் துகளை விழுங்கி, வயிற்றுக்குள் அதை 'எரித்து'ச் சக்தி பெறுகிறார்கள். வெள்ளீயத்தை எரித்தால் கண்ணும் காதும் கூர்மையாகும். எஃகை எரித்தால் உலோகப் பொருள்களைத் தள்ளலாம், இரும்பை எரித்தால் இழுக்கலாம். உருக்காலை இருக்கும் ஊர்க்காரனாக எனக்கு இதில் பெருமைதான். ஆனால் வெள்ளிக்கு அந்த நாட்டில் ஒரு வேலையும் இல்லை! தங்கத்தோடு கலந்தால் மட்டும் பின்னால் ஏதோ கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது. செவ்வாய்ப்பேட்டைக்காரனாக இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் பட்டறையில் வெள்ளி உருக்கும் பெரியவரிடம் ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். மூசையில் வெண்காரம் தூவிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "விழுங்குகிறவன் டச் பார்த்துத்தானே விழுங்குகிறான்?" டச் என்றால் உலோகத்தின் சுத்தம். ஆமாம் என்றேன். கலவை கொஞ்சம் பிசகினாலும் விழுங்கியவன் உடம்புக்கு ஆகாது என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். "எரித்தது தீர்ந்துபோகுமா?" தீர்ந்துபோகும், மறுபடி விழுங்க வேண்டும் என்றேன். "அப்படியானால் கணக்குத் தெரிந்தவன்தான் எழுதியிருக்கிறான், தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்புக் காற்றைக் கூட்டினார்.

அந்த நாவலில் எனக்குக் குறையும் உண்டு. சண்டைக் காட்சிகள் சில இடங்களில் இயற்பியல் நோட்டுப் புத்தகம்போல இருக்கின்றன. எந்த நாணயத்தை எந்தப் பக்கம் தள்ளி யார் எவ்வளவு உயரம் பறந்தார் என்று பக்கம் பக்கமாக வருகிறது. ஆனாலும் பெரியவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அதன் பிறகு எந்த மாயக் கதையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது சேதாரத்தைத்தான்.

நகைக் கடையில் பில் வாங்கிய எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும், பிடிக்காது. பட்டறைக்குள் இருப்பவனுக்கு அது வேறு. கம்பி இழுத்தாலும் அராவினாலும் மெருகு போட்டாலும் கொஞ்சம் வெள்ளி போகும். போனதற்குக் கணக்கு வேண்டும். தரையைப் பெருக்கிய தூசியைக்கூட நாங்கள் குப்பையில் கொட்டுவதில்லை, தகர டப்பாவில் சேர்த்துவைத்து விற்போம். கையை ஆட்டினால் கோட்டை எழும்புகிறது, கோட்டை எழும்பியதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை என்றால் அந்தக் கதையை என்னால் நம்ப முடிவதில்லை.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ'யில் கெட் என்ற இளைஞன் வீம்புக்கு இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் நுழைந்துவிடுகிறது. திறந்த வாசலை மூடுவதற்குள் தலைமை மந்திரவாதியின் உயிர் போகிறது. இவன் முகத்தில் தழும்பு. ஒரு இரவு, ஒரு வீம்பு, இவ்வளவு சேதாரம்! அந்த உலகில் ஒருவருடைய உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அவர்மேல் ஆதிக்கம் வந்துவிடும். அதனால் பெயரை மறைத்து வைத்திருக்கிறார்கள். என் பாட்டி கடைசி வரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் பக்கத்தில் நிற்கும் பேரனைத்தான் சொல்லச் சொல்வார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த மந்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாவலை நீங்கள் தமிழில் கொண்டுவந்தால் ஒரு வேண்டுகோள். கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்று ஆசிரியர் தெளிவாக எழுதியிருக்கிறார். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவனை வெள்ளைக்காரப் பையன் ஆக்கியதற்கு அவரே வெளிப்படையாகக் கண்டனம் எழுதினார். மிகுபுனைவு என்றாலே பொன்னிற முடியும் நீலக் கண்ணும் என்று நம் அட்டை ஓவியர்களுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. இந்த ஒரு புத்தகத்திலாவது அது வேண்டாம்.

என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015இல் வந்த நாவல். இதற்கும் இதன் அடுத்த இரண்டு பாகங்களுக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள், அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது கிடைத்தது. ஓயாமல் நிலம் நடுங்கும் ஒரு கண்டம். நடுக்கத்தை அடக்கக்கூடியவர்கள் அங்கே பிறக்கிறார்கள். அவர்களால்தான் ஊர்கள் நிற்கின்றன. ஊரோ அவர்களைப் பார்த்துக் காறித் துப்புகிறது, சங்கிலி போட்டு வளர்க்கிறது. அவர்கள் சக்தியை எடுக்கும்போது சுற்றிலும் உள்ள சூட்டை உறிஞ்சுவதால் பக்கத்தில் இருக்கும் செடியும் உயிரும் உறைந்துபோகும். நடுக்கத்தை அடக்கும் நிலையம் ஒன்றில் ஒரு நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் குழந்தையைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கப் பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மலைமேலும் பாக்சைட் வெட்டினார்கள். தரை சும்மா கிடக்கும் பொருள் அல்ல, யாரோ விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் கண்ணுக்கே தெரியும். அதனால்தானோ என்னவோ, அமெரிக்கப் பெண் எழுதிய இந்தக் கதை எனக்கு அந்நியமாகப்படவில்லை.

இதை மொழிபெயர்ப்பவர் முன்னால் ஒரு சிக்கல் நிற்கும். நாவலின் ஒரு பகுதி முழுக்க 'you' என்று முன்னிலையில் சொல்லப்படுகிறது. மகனைக் கணவனே கொன்றுவிட்டு மகளோடு போய்விட்டான். அந்த நாற்பத்திரண்டு வயதுத் தாயைப் பார்த்துக் கதை பேசுகிறது. ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதும். நமக்கு 'நீ'யா, 'நீங்க'ளா? 'நீங்கள்' என்று போட்டால் வங்கியிலிருந்து வந்த கடிதம்போல ஆகிவிடும். 'நீ' என்றால் அந்த வயதுப் பெண்ணை இப்படி அழைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே எழும். எழட்டும். நாவலின் முடிச்சே கதை சொல்கிறவர் யார் என்பதில்தான் இருக்கிறது. 'நீ'தான் சரி என்பது என் கட்சி.

கடைசியாகப் படித்ததும் மனத்துக்கு மிக நெருக்கமானதும் சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி'. 2020இல் வந்தது. கையடக்கமான நாவல். நவம்பரில் காபிப் பழம் பறிக்கும் நேரம் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது படித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் படிக்க முயன்று தலை சுற்றி மூடிவைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முடிவே இல்லாத ஒரு வீடு. எங்கு பார்த்தாலும் சிலைகள். கீழ்த்தளங்களில் கடல், மேல்தளங்களில் மேகம். அதற்குள் ஒருவன் மீன் பிடித்துச் சாப்பிட்டு, நாட்குறிப்பு எழுதி, அதற்கு அட்டவணையும் போட்டு வாழ்கிறான். அங்கே கிடக்கும் பதின்மூன்று பேரின் எலும்புகளை அவன் பராமரிக்கிறான். பெயர் தெரியாததால் அவனே பெயர் வைக்கிறான். ஒருவர் எலும்பு பிஸ்கட் டப்பாவோடு இருந்ததால் அவர் பிஸ்கட் டப்பா மனிதர். அவர்களுக்கு உணவும் நீரும் அல்லி மலரும் கொண்டுபோய் வைக்கிறான்.

அக்காவிடம் சொன்னபோது, "யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு இவன் படைக்கிறானா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சேர்வராயன் கோயில் குகை காவிரி வரைக்கும் போகிறதாம், போனவர்கள் திரும்பவில்லையாம் என்று தான் கேட்ட கதையைச் சொன்னாள். அந்த வீடு தன்னிடம் வந்தவனிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொன்னால் கதை போய்விடும். சேதாரம் உண்டு, கனமான சேதாரம் என்று மட்டும் சொல்கிறேன்.

இதையெல்லாம் சிறுவர் அரங்கில் வைத்துவிடாதீர்கள். அம்புலிமாமா 1947இல் தொடங்கியதிலிருந்து மாயம் என்றால் பிள்ளைகளுக்கு என்று ஒரு முடிவு நமக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வண்ணத்தில் எடுத்தபோது கொட்டகையை நிறைத்தவர்கள் பிள்ளைகள் மட்டும் அல்ல.

இப்போது மனக்குறை. சேலம் புத்தகத் திருவிழாவில், பெயர் வேண்டாம், ஒரு பதிப்பகத்தின் அரங்கில் தமிழிலேயே எழுதப்பட்ட தடித்த மிகுபுனைவு நாவல் ஒன்று வாங்கினேன். உள்ளே வரைபடம், அரச வம்சப் பட்டியல், புது எழுத்து முறை எல்லாம் இருந்தன. நாயகன் மலைமேல் கதவைத் தட்டும் இடத்தில் 'முதல் பாகம் முற்றிற்று' என்று முடிந்தது. இரண்டாம் பாகம் எப்போது என்று மூன்று முறை கேட்டேன். "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்பது பதில். இது தமிழ்நாட்டு நோய் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதற்கு உலகமே காத்திருக்கிறது. ஆனால் ஐந்து பாகம் கொடுத்தவருக்காகக் காத்திருப்பது வேறு, ஒன்று கொடுத்தவருக்காகக் காத்திருப்பது வேறு. முழுக்க எழுதி முடித்த கையெழுத்துப் பிரதி மேசைக்கு வந்த பிறகு முதல் பாகத்தை அச்சுக்கு அனுப்புங்கள். சாண்டர்சன் 'மிஸ்ட்பார்ன்' வரிசையின் முதல் மூன்று பாகங்களையும் 2008க்குள் முடித்துவிட்டார்.

அந்த முதல் பாகத்தை நான் இன்னும் எடைக்குப் போடவில்லை. பட்டறையில் தராசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெண்காரப் பொடி படிந்து அட்டை கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை வாசகன்