கிரெடிட் உண்டா என்பதை முதலிலேயே சொல்லுங்கள்

பல்கலைக்கழகக் கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில், ஐஐடி முதலிய நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் (NPTEL) இணையவழிப் பாடங்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எத்தனை மாணவர்கள் பதிவு செய்தார்கள் என்று பருவம் தவறாமல் கேட்கிறார்கள். எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. பதிவுக்குக் காசில்லை, சொன்னால் வகுப்பே பதிவு செய்துவிடும். தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்டும் நாளில்தான் சாயம் வெளுக்கும்.

அன்றைக்கு என் மேசைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: “சார், இதற்கு கிரெடிட் உண்டா?” பட்டத்துக்கான மதிப்புப் புள்ளியாக இது கணக்கில் சேருமா என்று பொருள். நினைத்த நேரத்தில் படிக்கலாம் என்ற பெருமையெல்லாம் அவர்களிடம் எடுபடுவதில்லை. எங்கள் பிள்ளைகளின் ‘நினைத்த நேரம்’ புதன்கிழமை இரவு பதினொன்றரை. நள்ளிரவோடு வாரப் பயிற்சிக்குக் கெடு முடிகிறது. விடைகள் அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்திருக்கும். பகல் முழுக்க வகுப்பு, ஆய்வகம், இரண்டு மணி நேரப் பஸ் பயணம் என்றால் வேறு எப்போது படிப்பார்கள்?

என்பிடெல் பாடங்கள் ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில்தான் வருகின்றன. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் பாடங்களின் கிரெடிட்டை ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி செய்தது. 2021இல் அதை 40 ஆக்கியது. அந்த ‘ஏற்கலாம்’ எங்களிடம் வந்து சேரும்போது ‘பார்க்கலாம்’ ஆகிவிடுகிறது. 12 வாரம் படித்துத் தேறிய மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியிடம், அவள் எடுத்த பாடம் நம் பாடத்திட்டத்தோடு பொருந்தவில்லை என்று சான்றிதழ் வந்த பிறகு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவன் நான்தான். அடுத்த பருவத்தில் அவள் வகுப்பிலிருந்து ஒருவர்கூடப் பணம் கட்டவில்லை. அவளுக்கு இளைய வகுப்பிலும் அதே கதை. நூறு சுற்றறிக்கையைவிட ஓர் அக்காவின் அனுபவம் விடுதியில் வேகமாகப் பரவும்.

மாறாக நடந்ததையும் சொல்ல வேண்டும். சக ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் காணொளியை ஆய்வகத் திரையில் ஓடவிட்டு, புரியாத இடத்தில் நிறுத்தித் தமிழில் விளக்கினார். அந்தக் குழுவில் பெரும்பாலோர் தேர்வு எழுதினார்கள். அவருக்கு அது பணிநேரக் கணக்கில் வரவில்லை என்பது வேறு வருத்தம்.

எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற பட்டியலை ஜூலைப் பதிவு முடிவதற்குள் வெளியிடுங்கள். கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதை ஆசிரியரின் பணியாகவும் எழுதுங்கள். பதிவு எண்ணிக்கையை வழக்கம்போல் அனுப்பிவைக்கிறேன், தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓர் ஒருங்கிணைப்பாளர்