ஆண்டறிக்கை – 2024

எங்கள் சங்கத் தலைவர் அவர்களுக்கும் இன்று சமுகமளித்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சமுகமளிக்காதவர்களே அதிகம் என்பதால் அறிக்கையின் பிரதியை வீடுகளுக்கும் அனுப்புகிறோம்.

தைப்பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். கரையோரச் சிரமதானம் நடந்தது. நவம்பர் கடைசி வெள்ளத்தால் அந்த மாதக் கூட்டம் நடக்கவில்லை. மற்ற மாதங்களில் நடக்காததற்கு வெள்ளம் காரணமல்ல.

இனி, பரண். முல்லைத்தீவு நாயாற்றுக் களப்போரம் உறுப்பினர் ஒருவர் தந்த காணியில், சுற்றுலா வருபவர்கள் பறவை பார்க்கப் பரண் கட்டியது வீண்செலவு என்று சந்தியில் கதைக்கப்படுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, கொரோனா என்று அடுத்தடுத்து விழுந்த அடியில் 2021இல் இரண்டு இலட்சமும் தேறவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையும் போராட்டமும். ஜனாதிபதியே நாட்டைவிட்டு ஓடினார். மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் வள்ளங்கள் கரையில் கிடந்தன. இந்த வருடம் தொகை மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. சந்தோஷம். ஆனால் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் மாங்குளத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே போகிறார்கள். கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, நாயாறு என்று இடங்கள் இருப்பது வான் சாரதிக்கே தெரியாது.

நாடு சரிவந்தால் எல்லாம் தானாக வரும் என்கிறார்கள் சிலர். 2009இல் போர் முடிந்த பிறகும் வந்தார்கள்தானே, பஸ் பஸ்ஸாக! எங்கள் இடிந்த வீடுகளைப் படமெடுத்தார்கள். விட்டுப்போனது சோறு சுற்றிய லஞ்ச் சீற்றும் வெறும் போத்தலும். 2014 ஒக்டோபரில் வெளிநாட்டவர் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார்கள். 2015 ஜனவரியில் வேண்டாம் என்றார்கள். அதெல்லாம் எங்களைக் கேட்டு நடப்பதில்லை. களப்பையும் சமையலையும் ஒழுங்காக வைத்திருப்பது மட்டுமே எங்கள் கையில் உள்ளது.

அதனால்தான் பரணுக்குச் சில விதிகள் வைத்தோம். ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது. வள்ளத்தில் போனால் பறவைகளுக்குக் கிட்ட எஞ்சினை நிறுத்தி, மரக்கோல் ஊன்றித்தான் போகவேண்டும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றை வடித்து இரை தின்பதைப் பார்க்கத்தான் சனம் வருகிறது. எங்கள் உறுப்பினர் ஒருவர், பறக்கும்போது படமெடுத்தால் வடிவு என்று எஞ்சினை முடுக்கிக் கூட்டத்தையே கலைத்தார். வள்ளத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவரைத் திட்டியதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

விருந்தாளிகளுக்குச் சாப்பாடு வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் குரக்கன் பிட்டும் நண்டுக் கறியும் கொடுத்து நல்ல பெயர் வாங்கினார்கள். ஒரு வீட்டில் நூடில்ஸ் அவித்துக் கொடுத்தார்களாம். அதைத் தின்னவா மனிதர் நாயாறுவரை வந்தார்?

சந்தா மாதம் நூறு ரூபா. விருந்தாளி வருகிறார் என்றால் "எங்கட முறை எப்ப?" என்று இரவு பத்து மணிக்கும் தொலைபேசி எடுக்கிறவர்கள், சந்தாப் புத்தகத்தைக் கண்டால் மறுபக்கத்து ஒழுங்கையால் போகிறார்கள். பெயர்களைப் பொருளாளர் வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கப்படமாட்டாது. இந்த வருடம்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறையச் சமன். கையிருப்பு சொல்லும்படியாக இல்லை. பரண் வேலைக்கான பற்றுச்சீட்டுகள் சில வெள்ளத்தில் நனைந்துவிட்டன. வாசிக்கக்கூடியவை கோப்பில் உள்ளன.

பிரதேச செயலகத்துக்கும், கிராம அலுவலருக்கும், கடற்றொழிலாளர் சங்கத்துக்கும், மாதர் சங்கத்துக்கும் நன்றி.

அடுத்த மாரிக்குள் பரணின் கிடுகுக் கூரை மாற்றவேண்டும். இன்னொரு தொலைநோக்கியும் தேவை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொண்டால் நல்லது. செயலாளர் பதவிக்கு விருப்பமானவர்கள் தாராளமாக முன்வரலாம். கோப்புகளை இன்றே கையளிக்க நான் ஆயத்தம். முன்வருபவருக்குச் சந்தா நிலுவை இருக்கக்கூடாது என்பது சங்க யாப்பின் விதி. அந்தத் தகுதியுடன் தற்போது நான்கு பேர் உள்ளோம்.

செயலாளர்