சும்மா இருக்கிற பத்து வருஷம்

ஹட்டன்

அன்புள்ள ராஜு மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே ஐந்து நாளாக மழை. மலைக்குப் போய் நனைந்து வந்த அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

தம்பியின் விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை, கவலைப்படாதே. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குத் தினமும் குளிசை?" என்று அவன் கேட்பதாக எழுதியிருந்தாய். லேபில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், அவனுக்கும் வாசித்துக் காட்டு.

எச்.ஐ.வி. தொற்றியவர் மருந்தில்லாமலே பத்து வருஷம்கூடத் தெம்பாக நடமாடலாம். அந்த வருஷங்களில் வைரஸ் உறங்குவதாகத்தான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1995, 1996இல் அளந்து பார்த்தபோது, ஒரே உடம்பில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் புது வைரஸ் பிறப்பது தெரிந்தது.

எங்கள் தாத்தா பெயர் ஞாபகமிருக்கிறதா? வேலாயுதம் என்ற பெயர் செக்ரோலில், அதுதான் தோட்டத்துப் பெயர்ப் பதிவில், வேலு ஆனது. அதைப் பார்த்து எழுதிய அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் வேலன். திருத்திப் பார்க்க ஆளில்லை. இந்த வைரஸும் அப்படித்தான். ஏறக்குறைய 9,700 எழுத்துள்ள தன் மரபணுவை நகலெடுக்கும்போது பிழை திருத்தும் வசதி அதற்கில்லை. பெரும்பாலான பிழைகள் அந்த வைரஸையே கெடுத்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் நோயெதிர்ப்பின் கண்ணில் படாமல் தப்பும். அதை உடம்பு கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது மாறியிருக்கும்.

சிலருக்கு, வருஷங்கள் போனபின், செல்லுக்குள் நுழைய வேறொரு கதவைப் பிடிக்கும் வகை தோன்றுகிறது. அதன்பின் சிடி4 என்ற நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை வேகமாக விழும். கதவு மாறாமலே நோய் முற்றியவர்களும் உண்டு, அதனால் அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு. பி57 என்ற மரபுக்கூறு உள்ளவர்களிடம், தப்பிப்பதற்காக, மரபணுவைச் சுற்றியுள்ள தன் கூட்டுக்கு அவசியமான இடத்தையே வைரஸ் மாற்ற வேண்டியிருக்கிறது. தப்பினாலும் பெருகும் வேகம் குறைந்துவிடுகிறது. அவர்களில் பலருக்கு நோய் மெல்லத்தான் நகர்கிறது.

சரி, குளிசைக்கு வருகிறேன். 1987இல் வந்த ஏ.இசட்.டி. என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தார்கள். வைரஸ் மாறி அதை மீறிவிட்டது. 1996 முதல் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றையும் ஏமாற்றப் பல பிழைகள் ஒன்றாக அமைய வேண்டும். பெருக்கமே நின்றுபோனால் பிழைக்கு இடமேது? தம்பி தன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டுக் குடித்தால், அரைகுறை மருந்துக்கு நடுவே நகலெடுப்பு மறுபடி தொடங்கலாம். மருந்துக்கு அடங்காத வகைதான் அப்போது தழைக்கும்.

அடுத்த கிளினிக் தேதிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வா. நானும் கூட வருகிறேன். இரவு எங்கள் வீட்டிலேயே தங்கலாம், அம்மா ரொட்டி சுடுவார்.

உன்
சிவா