பீரங்கி வைத்தால் மட்டும் போர்க்கப்பல் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், புதுச்சேரி துறைமுகங்களின் பழைய நாட்களைப் பற்றிய கட்டுரைகளில், "போர் வந்ததும் கரையோர ஸ்டீமர்களில் பீரங்கி பொருத்திக் கடற்படைக்கு அனுப்பினார்கள்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்தக் கப்பல்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் மூழ்கின என்பது இந்த வரியால் விளங்காது.

பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல்) கம்பெனியின் சக்லா, சக்டினா (இரண்டும் 1914இல் கட்டியவை), சந்தாலா (1920) ஆகிய மூன்றும் சுமார் 3,000 டன் ஸ்டீமர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை இவற்றை எடுத்துக்கொண்டது. சந்தேகத்துக்குரிய கப்பல்களை மறித்து, ஆள் ஏறிச் சோதிப்பதற்கான ஆயுதக் கப்பல்களாக மாற்றியது.

மாற்றும் வேலை பீரங்கியில் அல்ல, அதற்கு அடியில் தொடங்கும். சரக்குக் கப்பலின் மேல்தளத் தகடு அரை அங்குலம்கூட இருக்காது. 4 அங்குலப் பீரங்கி சுடும்போது பின்னுக்கு உதைக்கும் விசையை அது தாங்காது. எனவே அந்த இடத்தில் இரட்டைத் தகடு அடித்து, கீழ்த்தளங்கள் வழியாக அடிப்பகுதி வரை தூண் கொடுக்க வேண்டும். இதில் குறை வைத்தால் சில குண்டுகளிலேயே ரிவெட்டுகள் தளர்ந்து தளம் ஒழுகும். வெடிமருந்து அறை நீர்மட்டத்துக்குக் கீழே, பாய்லர் சூடு எட்டாத இடத்தில் அமைய வேண்டும். குண்டை உந்தித் தள்ளும் கார்டைட் மருந்து வெப்பத்தில் கெட்டுப்போகும். தீப்பிடித்தால் உடனே கடல்நீரைத் திறந்துவிட ஒரு வால்வும் தேவை.

அடுத்த சிக்கல் எடை. சரக்கு இல்லாத கப்பலின் உச்சியில் பீரங்கியும் குண்டும் ஏறினால் அது சாய்ந்துகொண்டே போகும். ஈடுகட்ட அடியில் இரும்பு, கல் போன்ற பாரம் ஏற்றுவார்கள். பாரம் மிஞ்சினாலும் தொல்லைதான்: அலையில் சாய்ந்த கப்பல் வெடுக்கென்று நிமிரும், குறி பார்ப்பவருக்கு இலக்கு நிற்காது. கப்பலின் காந்தப்புலம் பட்டு வெடிக்கும் காந்தக் கண்ணிவெடியிலிருந்து தப்ப உடலைச் சுற்றி மின்கம்பி ஓட்டினால், பழைய டைனமோ போதாமல் கூடுதலாக ஒன்று வைக்க வேண்டியிருக்கும்.

இத்தனை செய்தும் மாற்ற முடியாதது சரக்கறை. போர்க்கப்பலைச் சிறுசிறு நீர்புகா அறைகளாகப் பிரித்துக் கட்டுவார்கள். சரக்கு ஸ்டீமரிலோ குறுக்குச் சுவர்கள் குறைவு, அறைகள் நீளம். ஒரே டார்பிடோவில் ஒரு பெரும் பகுதி முழுவதும் நீர் நிரம்பிவிடும். மிதப்புக்காகக் காலி டிரம்களை அடைக்கும் வழக்கம் உண்டு, ஆனால் ஆள் ஏற்ற வேண்டிய அறையில் டிரம் எப்படி அடைப்பது?

1941இல் லிபியாவின் டோப்ரூக் துறைமுகம் முற்றுகையிடப்பட்டபோது அங்கே சரக்கும் ஆளும் கொண்டுசெல்ல இவை பொருந்தியதில் வியப்பில்லை என்பது எங்கள் கருத்து. கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு, தங்கள் டெரிக்கால் (கப்பலிலேயே உள்ள பாரந்தூக்கியால்) படகில் சரக்கை இறக்கின. உடைந்த கப்பல்கள் நிறைந்த டோப்ரூக் துறைமுகத்திலும் அப்படித் தானே சரக்கை இறக்கிக்கொள்ளும் சிறிய ஸ்டீமரே உதவியது. சக்லா 1941 ஏப்ரல் 29 அன்று அங்கே விமானக் குண்டுக்கு இரையானது. சக்டினா டிசம்பர் 5 அன்று காயமுற்ற வீரர்களையும் போர்க் கைதிகளையும் ஏற்றிக்கொண்டு டோப்ரூக்கிலிருந்து கிளம்பியது. விமானம் வீசிய டார்பிடோ பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கியது, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். இரண்டே நாளில், டிசம்பர் 7 அன்று, சந்தாலா டோப்ரூக்கில் கண்ணிவெடியில் சிக்கியது.

முதல் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் ஹார்டிஞ்ச் என்ற இந்தியக் கப்பலும் இப்படி எதிரியிடம் சிக்கியது. 1915 பிப்ரவரியில் சூயஸ் கால்வாயில் துருக்கியப் பீரங்கிகள் அதன் புகைபோக்கிகளைத் தாக்கின. கால்வாயில் மூழ்கி வழியை அடைத்துவிடக் கூடாதென்று அது கால்வாய் வழியிலுள்ள திம்சா ஏரிக்குள் ஒதுங்கியது.

இனி இக்கப்பல்களைப் பற்றி வெளியிடும்போது பெயர், கட்டிய ஆண்டு, மூழ்கிய நாள், செய்த மாற்றங்கள் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கடலூர் துறைமுகத்தில் வரலாற்றுப் பலகை வைக்க முன்வருவோரும் இந்த மூன்று பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்கள்,
கடலூர் முதுநகர்.