தூக்கு மரம் நின்றது எங்கள் ஊரில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிலைகளைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். 'பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன்' என்ற வரி வந்ததும் நாலு பேர் ஒரே குரலில் "எவம்லே எழுதினது?" என்றார்கள். அதில் நானும் ஒருவன். எழுதியவர் மேல் கோபம் ஒன்றுமில்லை. கோட்டை அங்கே இருந்தது, சாவும் அங்கேதான் நடந்திருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் அவரைத் தூக்கிலிட்டது எங்கள் கயத்தாறில். கயத்தாறுக்காரனிடம் வெளியூரில் சொல்லிக்கொள்ள இருப்பதே அந்த ஒன்றுதான். அதையும் எடுத்துக் கோட்டைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டால் எப்படி?

1799 செப்டம்பரில் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். கும்பினிப் படையின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின், மேஜர் பானர்மேன் அவரைக் கயத்தாறில் வைத்து, சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து உட்காரவைத்து, அக்டோபர் 16-ம் தேதி விசாரணை என்று ஒன்றை நடத்தினார். அன்றைக்கே தூக்கு. மரம் புளியமரம் என்பது ஊர்ப் பேச்சு.

கோவில்பட்டி - திருநெல்வேலி தடத்தில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். "கயத்தாறு எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்ததும், இறங்காதவர்களும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவார்கள். பிள்ளைகளை மடியில் தூக்கி நிறுத்திச் சிலையைக் காட்டுவார்கள். ஒரு பாட்டி, மடியில் இருந்த வெற்றிலைப் பையைக் கீழே வைத்துவிட்டு, கோயிலைப் பார்த்தது போல இரண்டு கையையும் கூப்பினார். "யார் பாட்டி அது?" என்று சும்மா கேட்டேன். "பேரு வாயில வரல. நம்மாளு" என்றார். டிக்கெட் பாக்கி நாலணாவை வாங்கக்கூட அவருக்கு ஞாபகம் இல்லை. இப்போது பாதி பஸ் ஊருக்குள் வருவதில்லை, நாலு வழிச் சாலையிலேயே பறக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

சிலை வந்தது 1970-ல். கட்டபொம்மனாக மேடையிலும் திரையிலும் நடித்த சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி வைத்தது. பிற்பாடு அரசு மணிமண்டபமும் கட்டியது. சிலையைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் "இது சிவாஜி மாதிரியே இருக்கே" என்று சிரிப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். கட்டபொம்மனை நேரில் உட்காரவைத்து வரைந்த படம் என்று யாராவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் மாற்றிக்கொள்ளலாம். காசு போட்டவர் முகம் கொஞ்சம் வந்துவிட்டது என்பதற்காக நாங்கள் வருத்தப்பட்டது கிடையாது.

எனக்கு சிலையைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முன்னால் இருந்தது. அந்த வழியே நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள், தூக்கிலிட்ட இடத்தில் ஆளுக்கு ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்களாம். சின்னதும் பெரியதுமாக அது ஒரு குவியலாகவே கிடந்திருக்கிறது. கும்பினி ஆட்சி நடக்கும்போது அவர் பேரைச் சொல்லி ஒரு வரி எழுதி வைக்க முடியுமா? கல்லைப் போடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கேட்டால், வழியில் கிடந்தது, ஓரமாகப் போட்டேன் என்று சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அவருக்கு வைத்த முதல் சிலை அந்தக் கல் குவியல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கிலிட்ட மறுநாள் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொன்றவனே எழுதிய சாட்சி. விசாரணை நடந்த நேரம் முழுக்க கட்டபொம்மன் துளியும் அஞ்சவில்லை, எட்டயபுரம், சிவகிரி பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்தார், தூக்குக்கு நடந்து போகும்போதும் அப்படியே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார் என்று அதில் இருக்கிறது. (எட்டயபுரத்து அண்ணாச்சிமார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பாரதியைப் பெற்றுக் கொடுத்து அந்தக் கணக்கை வட்டியோடு தீர்த்துவிட்டீர்கள்.)

அதே கடிதத்தில் அப்புறம் வருவதைத்தான் யாரும் சொல்வதில்லை. வழியில் அவர் கவலைப்பட்டது ஒரே ஒருவரைப் பற்றித்தானாம், வாய் பேசாத தம்பி ஊமைத்துரை. மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்தது தப்பு, அதைக் காத்து நின்று அங்கேயே செத்திருக்கலாம் என்று சொன்னாராம். மீசையும் கம்பீரமுமாகச் சிலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. சாகப் போகிற நேரத்தில் தம்பிக்கு யார் துணை என்று நினைத்த அண்ணன் அவர்.

அந்தத் தம்பி என்ன செய்தார் என்பதும் உங்கள் கட்டுரையின் பிழையோடு சம்பந்தப்பட்டதுதான். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடியும் எழுப்பி, மே மாதம் வரை கும்பினிப் படையைத் தடுத்து நின்றார். அதன் பிறகு மருது சகோதரர்களோடு சேர்ந்து போராடிப் பிடிபட்டு, அந்த நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவரைத் தூக்கிலிட்ட இடம்தான் பாஞ்சாலங்குறிச்சி. அண்ணன் சாக விரும்பிய மண்ணில் தம்பி செத்தார். ஊரை மாற்றி எழுதினால் இரண்டு பேர் கதையும் கெட்டுப்போகிறது என்று நாங்கள் சத்தம் போட்டது இதனால்தான்.

அக்டோபர் 16 வந்தால் மாலை போடுவதும் மைக் செட் கட்டிச் சினிமா வசனம் போடுவதும் வழக்கம். வசனம் எனக்கும் பிடிக்கும், பாதி மனப்பாடம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. வசனம் முடிந்ததும் அந்தக் கடிதத்தைத் தமிழில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஊரில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "வீரத்தைப் பேசுற நாள்ல அழுகாச்சி எதுக்கு அண்ணாச்சி?" என்கிறார்கள். இந்த வருஷமும் கேட்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். வந்தால் வெட்டி எடுத்து, அதே டீக்கடைச் சுவரில், பஸ் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
கயத்தாறு, தூத்துக்குடி மாவட்டம்.