சிறுநீர் ஆல்புமின்: குறைந்த எண்ணை நம்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுநீரகப் பரிசோதனைகள் பற்றிய கட்டுரையில், சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தை அறிய, நனைத்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப்பைவிட இயந்திர அளவீடே நம்பகமானது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் இயந்திரமும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

சிறுநீர் ஆல்புமினுக்குப் பரவலாகப் பயன்படுவது கலங்கல் முறை. இதில் சேர்க்கும் ஆன்டிபாடி, ஆல்புமினைப் பிடித்துக்கொள்ளும் புரதம். அதற்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கையும் வெவ்வேறு ஆல்புமினைப் பிடிக்க, வலைபோலப் பின்னிக்கொண்டு கலவை கலங்கும். அந்தக் கலங்கலைத்தான் இயந்திரம் ஒளியால் அளக்கிறது. ஆல்புமின் மிதமிஞ்சிப் போனால் எல்லாக் கைகளும் தனித்தனியே நிரம்பிவிடும், வலை பின்னாது. குழாய் தெளிந்தே நிற்கும், எண்ணும் குறைவாக வரும். இதுதான் புரோசோன். மோசமாகக் கசியும் சிறுநீரகத்துக்கு 'பரவாயில்லை' என்று ரிப்போர்ட் போய்விடும் அபாயம் இதில் இருக்கிறது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சாம்பிளில் நுரை நிற்கிறது, ஸ்ட்ரிப் 3+ (அதிகப் புரதம்) காட்டுகிறது, இயந்திரமோ குறைந்த எண் தருகிறது என்றால் அப்படியே கையெழுத்திடக் கூடாது. ஒரு பங்கு சிறுநீரோடு ஒன்பது பங்கு சலைன் (உப்புநீர்) சேர்த்து மறுபடி ஓட்டி, விடையை 10-ஆல் பெருக்க வேண்டும். முதல் எண்ணைவிட அது மிக உயர்ந்தால் புரோசோன்தான். அடுத்தடுத்த நீர்ப்பில் விடை ஒத்துவரும்வரை நீர்க்க வேண்டும். சில இயந்திரங்கள் தாமாகவே எச்சரிக்கும், எல்லாம் அல்ல.

சாம்பிளிலும் கவனம் தேவை. காலை முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் இருந்தால் தள்ளிவைக்கலாம். மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்தால் ஆல்புமின் படிவாக இறங்கி, அளவு குறையக்கூடும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்துச் சீக்கிரம் பார்ப்பதே மேல். சிறுநீரில் வெளியேறும் தசைக் கழிவான கிரியாட்டினினோடு விகிதமாகத் தருவதும் அவசியம், இல்லாவிட்டால் நிறையத் தண்ணீர் குடித்தவரின் எண் தானாகக் குறையும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மீண்டும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

இரத்த ஆல்புமின் வேறு கதை. அங்கே பெரும்பாலும் சாய முறை, அதாவது ஆல்புமினோடு சேர்ந்து நிறம் மாறும் சாயத்தால் அளப்பது. புரோமோகிரெசால் கிரீன் என்ற சாயம், குளோபுலின்கள் என்ற மற்ற இரத்தப் புரதங்களோடும் மெல்லச் சேரும். தாமதித்துப் படித்தால் எண் கூடும். ஆல்புமின் குறைந்த நோயாளிகளிடம் இந்தப் பிழை அதிகம். புரோமோகிரெசால் பர்ப்பிள் என்ற இன்னொரு சாயத்தில் அது குறைவு. ஆகவே ஆய்வகம் மாறும்போது எந்தச் சாயம் என்று கேட்டறிந்த பிறகே பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் ஒருவர்