பாப்பா, சின்ன வண்டியை இப்பவே வித்துடாதே

பாப்பாவுக்கு,

ஞாயித்துக்கிழமை போன்ல நீ கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல, பேச்சை மாத்திட்டேன், அப்புறம் ரெண்டு நாளா அதே நினைப்பு, அதான் உக்காந்து எழுதறேன். நீ ரெண்டு விஷயம் சொன்னே. வண்டி வாங்கி மூணு மாசம்தான் ஆகுது ஆனா இந்த 125 சிசி பைக் போர் அடிக்குது, எல்லாரும் தாண்டிப் போறாங்க, வித்துட்டு ஒரு 650 எடுக்கலாம்னு இருக்கேன்னே. அப்புறம் அடுத்த மாசம் ஃபிரெண்டை பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு ஹைவேல 300 கிமீ போகப் போறேன்னே. முதல் விஷயத்துக்கு கொஞ்சம் பொறுன்னு சொல்றேன். ரெண்டாவது வேண்டவே வேண்டாம். ரெண்டையும் அதே வண்டியை வச்சுத்தான் சொல்றேன், அதனால சேர்த்தே எழுதிடறேன்.

அம்மா பயத்துல சொல்றான்னு எடுத்துக்காதே. நானும் 125லதான் கத்துக்கிட்டேன், ஆறு வருஷம் அதையேதான் ஓட்டினேன், அதோட நல்லது கெட்டது ரெண்டையும் கையாலயும் காலாலயும் தெரிஞ்சு வச்சிருக்கேன்.

முதல்ல எடை. உன் வண்டி 120, 130 கிலோ இருக்கும், நீ பார்த்து வச்சிருக்கற 650 எல்லாம் 200 கிலோவை தாண்டும். நேரா போகும்போது இந்த வித்தியாசம் தெரியாது. நிக்கும்போதும் திரும்பும்போதும்தான் தெரியும். சரளைக் கல் மேல கால் வைக்கறே, கால் லேசா வழுக்குது, வண்டி ஒரு பக்கம் சாயுது. 125ன்னா இடுப்பைக் கொடுத்து நிமித்திடலாம். 200 கிலோ ஒரு அளவுக்கு மேல சாஞ்சுட்டா யாராலயும் பிடிக்க முடியாது, பிடிக்கப் போனா முதுகுதான் போகும், கால் அடியில மாட்டும். புதுசா ஓட்டறவங்க வண்டியை கீழ போடறது பெரும்பாலும் இந்த மாதிரி நின்ன இடத்துலதான், யு டர்ன்லதான், பார்க்கிங்லதான். நீயே ரெண்டு தடவை போட்டேன்னு சொன்னே, ரெண்டு தடவையும் தனியா தூக்கிட்டேன்னும் சொன்னே, அதை யோசிச்சுப் பாரு. (தூக்கும்போது குனிஞ்சு முதுகால இழுக்காதே. வண்டிக்கு முதுகைக் காட்டி உக்காந்து ஒரு கை ஹாண்டில்பார்ல, ஒரு கை சீட்டுக்கு அடியில ஃபிரேம்ல பிடிச்சு காலால பின்னாடி நடந்து தள்ளணும். சைடு ஸ்டாண்ட் பக்கமா விழலன்னா முதல்லயே ஸ்டாண்டை இறக்கிடு, இல்லன்னா நிமித்தினது அந்தப் பக்கம் விழும்.)

அடுத்தது நீ கவனிச்சிருக்க மாட்டே. கிளட்சை சட்டுனு விட்டா வண்டி முன்னாடி பாயும் இல்லையா, அப்ப நம்ம உடம்பு பின்னாடி போகும், கை கூடவே இழுபடும், இழுபடற கை ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கும். வண்டி இன்னும் பாயும், உடம்பு இன்னும் பின்னாடி போகும். ஒண்ணு ஒண்ணைத் தூண்டிக்கிட்டே போகும், அந்த நேரத்துல மூளை வேலை செய்யாது. உன் வண்டியோட பத்து சொச்சம் எச்பில (குதிரை சக்தி) இது நடந்தா ஒரு குலுங்கு குலுங்கும், இல்லன்னா ஆஃப் ஆகும், கிளட்சைப் பிடிக்க உனக்கு நேரம் இருக்கும். 60, 70 எச்பி வண்டியில அதே தப்பைப் பண்ணினா, என்ன ஆச்சுன்னு புரியறதுக்குள்ள எதிர்ல இருக்கற சுவர் வந்துடும். தப்பு ஒண்ணுதான், ஒரு வண்டி அதை மன்னிச்சு விட்டுடும், இன்னொண்ணு விடாது. முதல் வருஷம் நாம எல்லாரும் தப்பு பண்ணுவோம் பாப்பா, நானும் பண்ணினேன். ஐரோப்பால லைசென்ஸையே படி படியா வச்சிருக்காங்க, முதல் படியில 125 சிசி, 11 கிலோவாட், அதாவது 15 எச்பி, அதுக்கு மேல கிடையாது, அடுத்த படியில 35 கிலோவாட்.

வேகம் இல்லாததும் ஒரு வாத்தியார்தான். சின்ன இன்ஜின்ல இழுவை கம்மி, போன வேகத்தை விட்டுட்டா திரும்ப வாங்க ரொம்ப நேரம் ஆகும், அதனால தூரத்துல சிக்னல் பார்த்தே, வளைவு பார்த்தே முன்னாடியே யோசிச்சு கியர் போட பழகிடுவே. மேடு வருதுன்னா மேடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு கியர் குறைக்கணும், ஏற ஆரம்பிச்ச பிறகு குறைச்சா லேட். பெரிய வண்டியில எந்த கியர்ல இருந்தாலும் முறுக்கினா போயிடும், அதுலயே ஆரம்பிச்சவங்க நிறைய பேருக்கு எந்த கியர்ல இருக்கோம்ங்கற உணர்வே வர்றதில்ல. இன்னொண்ணு, இன்ஜின் சத்தம் ஏறினா கெட்டுப் போயிடும்னு நீ சீக்கிரம் சீக்கிரம் மேல் கியர் மாத்தறேன்னு நினைக்கறேன், வீடியோல கேட்டேன். சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு பலமே மேல் ஆர்பிஎம்லதான் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கற கணக்கு) இருக்கு, 7000, 8000ல சுத்தறதுக்குத்தான் அதைச் செஞ்சிருக்காங்க. மீட்டர்ல இருக்கற சிவப்புக் கோட்டைத் தாண்டாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. இன்ஜின் நல்லா சூடானப்புறம் சுத்த விடு. நீ போர்னு சொல்றதுல பாதி இதனாலயா இருக்கும்னு எனக்குத் தோணுது, டாப் கியர்ல 40ல போய்க்கிட்டு முறுக்கினா எந்த சின்ன வண்டியும் அசையாது.

சின்ன வண்டின்னா மட்டம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதே. ஹோண்டா சூப்பர் கப் 1958ல வந்தது, 2017ல மொத்தம் 10 கோடி வண்டியை எட்டிடுச்சு. உலகத்துல வேற எந்த மோட்டார் வண்டியையும் அத்தனை செஞ்சதில்ல.

சரி, இப்ப அந்த ஹைவேக்கு வர்றேன். இதைத்தான் நான் போன்ல சொல்லாம விட்டேன், ஏன்னா இதைச் சொன்னா எனக்கே அந்த நாள் ஞாபகம் வரும்.

கல்யாணமான புதுசுல உங்கப்பாவை பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு என் 125ல ஒரு ஏத்தத்துல போய்க்கிட்டிருந்தேன். முன்னாடி ஒரு லாரி, 55ல போகுது, பின்னாடி புகை தாங்கல. நான் 70ல இருந்தேன், ரோடு காலியா தெரிஞ்சது, லாரியை ஓவர்டேக் எடுத்துட்டேன். பாதி தூரம் போறப்ப ஏத்தம் இன்னும் செங்குத்தாச்சு, ஸ்பீடு இறங்குது, 70 போய் 65, ஒரு கியர் குறைச்சேன், சத்தம்தான் ஏறுச்சு, வண்டி ஏறல. லாரியோட பின் சக்கரம் என் முழங்காலுக்குப் பக்கத்துல. எதிர்ல ஒரு கார் வருது. அப்ப எனக்கு முறுக்கறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்ல பாப்பா, கை ஏற்கெனவே கடைசி வரைக்கும் முறுக்கித்தான் இருந்துச்சு. பிரேக் பிடிச்சு லாரிக்குப் பின்னாடியே திரும்ப வந்துட்டேன், கார்க்காரரும் வேகத்தைக் குறைச்சார், தப்பிச்சோம். ஓரமா நிறுத்திட்டு ரொம்ப நேரம் ஹாண்டில்பாரை விடல நான். உங்கப்பா ஒரு வார்த்தை பேசல.

வீட்டுக்கு வந்து பேப்பர்ல கணக்கு போட்டுப் பார்த்தேன், நீயும் போட்டுப் பாரு. லாரி நீளம் 12 மீட்டர்னு வை, பின்னாடி 15 மீட்டர் விட்டு ஆரம்பிக்கறே, முன்னாடி 15 மீட்டர் விட்டு உள்ள வர்றே, மொத்தம் 42 மீட்டர் கூடுதலா போகணும். 15 கிமீ வேக வித்தியாசம்னா செகண்டுக்கு 4 மீட்டர் சொச்சம், அப்ப 10 செகண்ட். 10 செகண்ட்ல நீ 70ல கிட்டத்தட்ட 200 மீட்டர் போவே, எதிர்ல 80ல வர்ற கார் 220 மீட்டர் வந்துடும். ஆக 400 மீட்டருக்கு மேல ரோடு காலியா தெரிஞ்சாத்தான் கிளம்பவே கிளம்பணும். வித்தியாசம் 10 கிமீயா குறைஞ்சா 15 செகண்ட் ஆயிடும், 600 மீட்டர் வேணும். அன்னிக்கு எனக்கு அவ்வளவு தூரம் தெரியல, தெரிஞ்சதா நினைச்சுக்கிட்டேன்.

இந்த சின்ன வண்டி சேஃப்னு எல்லாரும் சொல்றாங்க, உன்கிட்ட நானும் வாங்கும்போது சொன்னேன், அது பாதிதான் உண்மை. 50, 60ல எல்லாரும் போற ரோட்ல சேஃப். 100ல போற ரோட்ல இதுக்கு கையிருப்பு இல்ல. காத்து எதிர்ப்பு இருக்கே, அதைத் தள்ள வேண்டிய சக்தி வேகம் × வேகம் × வேகம்ங்கற கணக்குல ஏறும், அதாவது 80ல இருந்து 100க்குப் போக வேகம் கால் பங்குதான் கூடுது, சக்தி கிட்டத்தட்ட ரெண்டு பங்கு வேணும். உன் வண்டி 80 வரைக்கும் சுலபமா வந்துட்டு அதுக்கு மேல முக்கறது அதனாலதான். அதுல எதிர்க்காத்து அடிச்சா, ஏத்தம் வந்தா, 60 கிலோ ஆள் ஒருத்தர் பின்னாடி உக்காந்தா, அந்த 80ம் நிக்காது. பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு நீ தடை ஆயிடறே, அவன் ஒட்டி வருவான், நீ கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே ஓட்டுவே. பெரிய வண்டி தாண்டிப் போறப்ப அடிக்கற காத்து இந்த லேசான வண்டியை ஒரு அடி நகர்த்தும். எடை கம்மின்னு மேல சொன்னேனே, அதே லேசுதான் இங்க எதிரா வருது.

வேகம் கூடினா பிரேக் பிடிச்சு நிக்கற தூரமும் மாறும். காய்ஞ்ச ரோட்ல நல்ல பிரேக்கோட 50ல இருந்து நிக்க சுமார் 14 மீட்டர், 100ல இருந்து அது ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும், 55 மீட்டர் கிட்ட. இது நம்ம மூளை பிரேக் பிடின்னு சொல்ற நேரத்தைச் சேர்க்காம. டிரம் பிரேக் வச்ச வண்டியில நீளமான இறக்கத்துல பிடிச்சுக்கிட்டே வந்தா சூடாகி பிடி குறையும், அதனால இறக்கத்துல கீழ் கியர்ல இறங்கு.

அதனால அந்த 300 கிமீக்கு ஃபிரெண்டை பஸ்ல வரச் சொல்லு. நீ வண்டியிலதான் போகணும்னா தனியா, ஹைவேக்கு இணையா போற பழைய ரோட்ல, வெளிச்சம் இருக்கும்போதே போ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நட. நேரம் கூட ஆகும், ஆகட்டும்.

650 பத்தி. வேண்டாம்னே சொல்லல, நீ சம்பாதிக்கறே, உன் இஷ்டம். ஆனா சின்ன வண்டி சில கெட்ட பழக்கத்தையும் கத்துக் கொடுக்கும், அதை மாத்திக்கிட்டுப் போ. இதுல ஆக்சிலேட்டரை ஸ்விட்ச் மாதிரி ஒண்ணு முழுசா முறுக்கறோம் இல்ல முழுசா விடறோம், பெரிய வண்டியில அப்படிப் பண்ணினா ஈர ரோட்ல பின் சக்கரம் வழுக்கிடும். முன் பிரேக்கைத் தொடாமலே பின் பிரேக்லயே நிறுத்திப் பழகிடறோம், ஆனா பிரேக் பிடிக்கும்போது எடை முன்னாடி சாயறதால நிறுத்தற பலத்துல பெரும்பங்கு முன் சக்கரத்துலதான் இருக்கு. காலி மைதானத்துல 30ல, அப்புறம் 50ல, முன் பிரேக்கை பஞ்சு பிழியற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு இறுக்கிப் பழகு, வெடுக்குனு பிடிச்சா சக்கரம் பூட்டிக்கும். அப்புறம் ஹாஃப் கிளட்ச்ல, பின் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டு, கால் தரையில படாம ரோட்டோட அகலத்துக்குள்ள யு டர்ன் எடுக்கணும், கண்ணு கீழ பார்க்காம போக வேண்டிய பக்கம் பார்க்கணும். ஏத்தத்துல நிறுத்திட்டு ஒரு இஞ்ச் கூட பின்னாடி உருளாம கிளம்பணும். இதெல்லாம் யோசிக்காம தானா வர ஆரம்பிச்சதும், ஒரு மழைக்காலமும் இதுல ஓட்டி முடிச்சதும் எனக்கு போன் பண்ணு, நானே கூட வந்து வண்டி பார்க்கறேன். அப்பவும் 650க்கு முன்னாடி ஒரு 300, 400 ஓட்டிப் பாருன்னுதான் சொல்வேன்.

செயின் பத்தி அன்னிக்கு கேட்டப்ப மழுப்பினே. நியூட்ரல்ல வச்சு கீழ் செயினோட நடுவுல விரலால மேல கீழ ஆட்டிப் பாரு, பொதுவா 20, 30 மில்லிமீட்டர் ஆடணும், உன் வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். டயர் காத்து, வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி ஆறின டயர்ல பாரு. சனிக்கிழமை பார்த்துட்டு செயினை போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாவும் பார்க்கணும்னு உக்காந்திருக்கார்.

அம்மா